டேனிஷ் காம்பிட்: வெட்டிய சிப்பாயைத் திருப்பிக் கொடுத்த ஆட்டம்

குறியீடு பற்றி முதலில் ஒரு வரி. நெடுவரிசைகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கிடைவரிசைகள் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8. வெட்டுவதற்கு ×, செக்குக்கு +, ராஜா பக்கம் கோட்டை கட்டுவதற்கு 0-0. முன்னால் காயின் பெயர் இல்லையென்றால் நகர்ந்தது சிப்பாய். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்வு. குதிரை ஜி-இ2 என்றால் ஜி நெடுவரிசையில் நின்ற குதிரை இ2-க்குப் போனது.

பின்னணி

மாணவருக்கு வயது பதினான்கு, ரேட்டிங் 1400-க்குச் சற்று மேல். கருப்பில் ஆடும்போது 1. இ4 வந்தால் எப்போதும் 1...இ5 தான். இத்தாலிய ஆட்டம், ருய் லோபஸ் ஆகிய திறப்புகளுக்கு (ஆட்டத்தின் தொடக்க நகர்வு முறைகளுக்கு) பத்துப் பன்னிரண்டு நகர்வு வரை தயாரிப்பு இருந்தது. காம்பிட்டுகளுக்கு, அதாவது வேகமான தாக்குதலுக்காகத் தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் திறப்புகளுக்கு, எதுவும் இல்லை. கொடுத்தால் வெட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவருடைய கொள்கை.

எதிராளி நடுத்தர வயதுக்காரர். ரேட்டிங்கில் ஏறக்குறைய 200 புள்ளி மேலே. வெள்ளை கிடைத்தால் டேனிஷ் காம்பிட் தவிர வேறு எதையும் ஆடமாட்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், மாணவரைத் தவிர. வார இறுதிப் போட்டி. ஆளுக்கு 60 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல்.

இந்தத் திறப்புக்குப் பெயர் வந்தது டென்மார்க்கைச் சேர்ந்த செவெரின் ஃப்ரோம் 1867-இல் பாரிஸில் இதை ஆடியதிலிருந்து. பிளாக்பர்ன், மீசஸ், மார்ஷல், அலெகைன் ஆகியோர் கையாண்டார்கள். 1920-களுக்குப் பிறகு பெரிய போட்டிகளில் அருகிவிட்டது. உள்ளூர்ப் போட்டிகளில் இன்னும் வாழ்கிறது, காரணம் எளிது: கருப்புக்குத் தெரியாவிட்டால் பதினைந்து நகர்வுக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

முதல் ஆட்டம்

1. இ4 இ5
2. டி4 இ×டி4
3. சி3 டி×சி3
4. பிஷப் சி4 சி×பி2
5. பிஷப்×பி2 பிஷப் பி4+
6. குதிரை சி3 குதிரை எஃப்6
7. குதிரை ஜி-இ2 குதிரை×இ4
8. 0-0 குதிரை×சி3
9. குதிரை×சி3 பிஷப்×சி3
10. பிஷப்×சி3 0-0
11. ராணி ஜி4 ஜி6
12. ராணி டி4, கருப்பு ஆட்டத்தைக் கொடுத்தது.

பன்னிரண்டாவது நகர்வில் வெள்ளை ராணியும் அதன் பின்னால் சி3 பிஷப்பும் ஒரே மூலைவிட்டத்தில் எச்8-ஐ நோக்கி நிற்கின்றன. ராணி எச்8-க்குப் போனால் மேட். எஃப் சிப்பாயைத் தள்ளி மறிக்கலாமே என்று தோன்றும், முடியாது. சி4 பிஷப்புக்கும் ஜி8 ராஜாவுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சிப்பாய்தான், நகர்த்தினால் தன் ராஜாவுக்கே செக். 12...ராணி எஃப்6 ஆடினால் 13. ராணி×எஃப்6, அடுத்த நகர்வில் மேட்.

பதினோராவது நகர்விலும் தேர்வு இல்லை. ஜி7-இல் மேட் மிரட்டல், எஃப் சிப்பாய் கட்டுண்டு கிடக்கிறது, ராணியை நடுவில் கொண்டுவந்தால் ராணியே போகும். ஆக 10...0-0 ஆடிய கணமே ஆட்டம் முடிந்துவிட்டது. கோட்டை கட்டியது பாதுகாப்புக்காக. ஆனால் இரண்டு பிஷப்களும் குறிவைத்திருந்த மூலைக்கே ராஜா நடந்துபோனது.

குறிப்புத் தாளில் எழுதியிருந்த கடிகார நேரப்படி மாணவர் முதல் பத்து நகர்வுக்கு எடுத்துக்கொண்டது மொத்தம் ஒன்பது நிமிடம். பதினோராவது நகர்வுக்கு மட்டும் பதினேழு நிமிடம். யோசிக்க வேண்டிய இடம் கடந்துபோன பிறகு யோசித்திருக்கிறார்.

தாளில் தெரிந்தவை

ஆட்டம் முடிந்து வந்ததும் மாணவர் சொன்னது: "சார், மூணு சிப்பாய் கூட இருந்துச்சு. எங்க தப்புன்னே தெரியல." கணக்கு சரிதான். பத்தாவது நகர்வில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கருப்புக்கு ஏழு. பயிற்சியாளர் பதில் சொல்லாமல், பத்தாவது நகர்வில் வெள்ளை ஆடி முடித்த நிலையைப் பலகையில் அடுக்கச் சொன்னார். கருப்பின் பின்வரிசையில் நின்றவை: ஏ8 யானை, பி8 குதிரை, சி8 பிஷப், டி8 ராணி, இ8 ராஜா, எச்8 யானை. எல்லாம் ஆட்டம் தொடங்கியபோது இருந்த அதே கட்டங்களில். வெளியே வந்த ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. ஒன்பது நகர்வு ஆடியும் ஒரு காய்கூட வெளியே இல்லை.

வெட்டல்களை எண்ணினால் காரணம் புரியும். ஒன்பது நகர்வில் ஆறு வெட்டு: டி4, சி3, பி2, இ4, பிறகு சி3-இல் இரண்டு முறை. முதல் மூன்று வெட்டும் ஒரே சிப்பாய் செய்தது. பி2 வரை போய் அங்கேயே மடிந்தது. அதற்குள் வெள்ளை ஒவ்வொரு முறையும் ஒரு காயை நல்ல கட்டத்தில் வைத்துவிட்டது. சி4 பிஷப் எஃப்7-ஐயும் பி2 பிஷப் ஜி7-ஐயும் பார்க்கின்றன. கருப்பு ராஜா ஓடி ஒளியக்கூடிய மூலையின் இரண்டு தூண்கள் அவை.

5...பிஷப் பி4+ ஏன் ஆடினார் என்றதற்கு "செக் கொடுத்தா ஒரு நகர்வு மிச்சம்" என்றார். மிச்சமாகவில்லை. 6. குதிரை சி3 வெள்ளை எப்படியும் ஆட விரும்பும் நகர்வு, அதைச் செக் கொடுத்து ஆட வைத்தாயிற்று. ஆனாலும் ஆட்டம் அங்கே தோற்கவில்லை. தோல்விக்கான கதவு திறந்தது ஏழாவது நகர்வில். இ4 சிப்பாயை எடுத்ததுதான் மூன்றாவது கூடுதல் சிப்பாய், அதாவது ஒன்று மிகை. அந்த இடத்தில் 7...டி5 ஆடியிருந்தால் 8. இ×டி5-க்குப் பின் 0-0 கட்டிவிடலாம். சிப்பாய் ஒன்று திரும்பப் போகும், ஒன்று கையில் நிற்கும், சி8 பிஷப்புக்கு வழி கிடைக்கும், சி4 பிஷப்பின் பார்வையை வெள்ளையின் சொந்தச் சிப்பாயே மறைக்கும்.

பத்தாவது நகர்வில் கோட்டை கட்டாமல் 10...ராணி ஜி5 ஆடலாமே என்று மாணவர் கேட்டார். ஜி7-ஐக் காக்கிறது, நல்ல கேள்விதான். 11. யானை இ1+ ராஜா டி8 12. எஃப்4. இங்கே இன்னொரு சிப்பாய் நீட்டப்படுகிறது. 12...ராணி×எஃப்4 13. பிஷப்×ஜி7 யானை ஜி8 14. ராணி ஜி4. ராணியை வெட்டினால் 15. பிஷப் எஃப்6 மேட். 14...ராணி டி6 என்று ஒதுங்கினால் 15. பிஷப் எஃப்6+ ராணி×எஃப்6 16. ராணி×ஜி8+, அடுத்து மேட். ஐந்தாவது சிப்பாயையும் எடுத்து, அதே பசியில் விழுந்திருப்பார்.

எடுத்த முடிவும் காரணமும்

அடுத்த போட்டிக்கு நான்கு மாதம் இருந்தது. அதே எதிராளி வருவார், வென்ற திறப்பை மாற்றமாட்டார் என்பது ஏறக்குறைய உறுதி. மூன்று வழிகள் பேசப்பட்டன.

வெட்டாமல் விடுவது முதல் வழி. 3...டி5 4. இ×டி5 ராணி×டி5 5. சி×டி4 குதிரை சி6 6. குதிரை எஃப்3 பிஷப் ஜி4 7. பிஷப் இ2 பிஷப் பி4+ 8. குதிரை சி3 பிஷப்×எஃப்3 9. பிஷப்×எஃப்3 ராணி சி4. கடைசி நகர்வின் வலிமையை 1926-இல் லேக் ஹோபட்காங்கில் மார்ஷலுக்கு எதிராக அன்றைய உலகச் சாம்பியன் கபபிளாங்கா காட்டினார். ராணி சி4-இல் நிற்கும்வரை வெள்ளை ராஜா கோட்டைக்குள் போக முடியாது. பலகையில் மட்டும் பார்த்தால் மூன்றில் இதுவே மேல். கருப்பு வெல்லவும் வாய்ப்பு தருகிறது. பயிற்சியாளர் இதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம், தனித்து நிற்கும் டி சிப்பாய்க்கு எதிராக எப்படி ஆடுவது என்று மாணவருக்கு அப்போது தெரியாது. நகர்வுகளை மனப்பாடம் செய்யலாம், பத்தாவது நகர்வுக்குப் பிறகு என்ன செய்வது என்பதை மனப்பாடம் செய்ய முடியாது.

இரண்டாவது, சி3 சிப்பாயை மட்டும் எடுத்து 4...டி6 ஆடி பி2-ஐத் தொடாமல் விடுவது. நியாயமான வழிதான். ஆனால் வெள்ளைக்குத் திறந்த ஆட்டமும் ராணி பி3 போன்ற நேரடி மிரட்டல்களும் மிஞ்சும். எதிராளிக்குப் பழகிய காடு அது.

மூன்றாவது, இரண்டையும் எடுத்துவிட்டு உடனே 5...டி5 ஆடித் திருப்பிக் கொடுப்பது. ஆஸ்திரியரான கார்ல் ஷ்லெக்டர் பெயரில் வழங்கும் தற்காப்பு. (1910-இல் லாஸ்கருடன் உலகப் பட்ட மோதலை 5-5 என்று சமன் செய்தவர் அவர். டிராவுக்குப் பேர்போனவர் பெயரில் இந்தத் தற்காப்பு இருப்பது பொருத்தம்தான்.) இதைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர்வுகள் பெரும்பாலும் கட்டாயம், ராணிகள் பலகையை விட்டு இறங்கும், தாக்குதலை நம்பி வருபவர் இறுதியாட்டம் (காய்கள் குறைந்தபின் வரும் கடைசிக் கட்டம்) ஆட வேண்டிவரும். மாணவரின் பலம் இறுதியாட்டம். விலை என்னவென்றால், எதிராளி சரியாக ஆடினால் சமநிலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதையும் முன்கூட்டியே மாணவரிடம் சொன்னார்கள்.

5...டி5 வேலை செய்யும் விதம்

5...டி5 6. பிஷப்×டி5 குதிரை எஃப்6. இந்த ஆறாவது நகர்வில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளை 7. பிஷப்×எஃப்7+ ராஜா×எஃப்7 8. ராணி×டி8 என்று ராணியை வெல்வதுபோல் தெரிகிறது. அப்போது 8...பிஷப் பி4+. பிஷப் எஃப்8-ஐ விட்டு நகர்ந்ததும் எச்8 யானைக்கும் டி8-இல் நிற்கும் வெள்ளை ராணிக்கும் இடையே கடைசி வரிசை காலி. ஒரே நகர்வில் ராஜாவுக்குச் செக், ராணிக்கு மிரட்டல். 9. குதிரை சி3 என்று மறித்தால் யானை ராணியை எடுத்துக்கொள்ளும். ஆகவே 9. ராணி டி2 பிஷப்×டி2+ 10. குதிரை×டி2. இருபுறமும் இரண்டு யானை, ஒரு பிஷப், இரண்டு குதிரை, ஐந்து சிப்பாய்.

வரிசை காலியாக இருந்ததற்கு ஜி8 குதிரை ஏற்கெனவே எஃப்6-க்குப் போயிருந்ததே காரணம். ஆறாவது நகர்வில் குதிரைக்குப் பதில் 6...சி6 என்று பிஷப்பை விரட்டினால் அதே 7. பிஷப்×எஃப்7+ ராஜா×எஃப்7 8. ராணி×டி8 வரும். இப்போது ஜி8 குதிரை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பி4-இல் செக் கொடுத்தாலும் யானையின் பார்வை டி8 வரை எட்டாது, ராணி போனது போனதுதான். பயிற்சியின் முதல் வாரத்தில் மாணவர் இந்தத் தவறை இரண்டு முறை செய்தார். "விரட்டணும்னு தோணுது சார்" என்றார். எச்8-இலிருந்து டி8 வரை விரலால் கோடு இழுத்துக் காட்டிய பிறகு தவறு நின்றது.

வெள்ளை விலகக்கூடிய இடங்கள் இரண்டு. 6. இ×டி5 என்றால் 6...குதிரை எஃப்6, பிறகு பிஷப் டி6, 0-0. கருப்பு ஒரு சிப்பாய் மேலே, டி5 சிப்பாயே சி4 பிஷப்புக்குச் சுவர். 6. பிஷப்×டி5 குதிரை எஃப்6 7. குதிரை சி3 என்றால் 7...குதிரை×டி5 8. குதிரை×டி5. இங்கும் கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், கையில் இரண்டு பிஷப். ஆனால் பி2 பிஷப் ஜி7-ஐ அழுத்துவதால் எஃப்8 பிஷப் உடனே நகர முடியாது. நகர்ந்தால் ஜி7 போகும்.

பயிற்சி

திறப்பு நகர்வுகளுக்குச் செலவிட்டது இரண்டே வகுப்பு. மீதி நேரமெல்லாம் பத்தாவது நகர்வுக்குப் பிந்தைய நிலைக்கு. அந்த நிலையிலிருந்து ஆளுக்கு 15 நிமிடம் வைத்து எட்டு ஆட்டங்கள். நான்கில் மாணவர் வெள்ளைப் பக்கம். எதிராளி எதைத் தேடுவார் என்பது அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அந்த நிலையின் உயிர் சிப்பாய் அமைப்பில். ராணி பக்கம் கருப்புக்கு ஏ, பி, சி என்று மூன்று, வெள்ளைக்கு ஏ மட்டும். ராஜா பக்கம் வெள்ளைக்கு இ, எஃப், ஜி, எச் நான்கு, கருப்புக்கு ஜி, எச் இரண்டு. யார் முதலில் தன் பெரும்பான்மையை ஓட்டுகிறார்களோ அவர் கை ஓங்கும். எஃப்7-இல் நிற்கும் கருப்பு ராஜாவைப் பார்த்து மாணவருக்கு முதலில் பயம். ராணி இல்லாத பலகையில் அது பலவீனம் அல்ல, மையத்துக்கு இரண்டடி அருகில் நிற்கும் காய். மூன்றாவது ஆட்டத்திலிருந்து பயம் போனது.

இரண்டாம் ஆட்டம்

எதிர்பார்த்தபடி அதே எதிராளி, அதே வெள்ளை, அதே நான்கு நகர்வுகள். 5...டி5 வந்ததும் எதிராளி பதினோரு நிமிடம் யோசித்தார்.

6. பிஷப்×டி5 குதிரை எஃப்6
7. பிஷப்×எஃப்7+ ராஜா×எஃப்7
8. ராணி×டி8 பிஷப் பி4+
9. ராணி டி2 பிஷப்×டி2+
10. குதிரை×டி2 யானை இ8
11. எஃப்3 குதிரை சி6
12. குதிரை இ2 பிஷப் இ6
13. 0-0 யானை ஏ-டி8
14. குதிரை பி3 பி6

10...யானை இ8 இ4 சிப்பாயை அழுத்துகிறது. வெள்ளை எஃப்3 ஆடிக் காக்க வேண்டியதாயிற்று. 13...யானை ஏ-டி8 டி2 குதிரையைத் தாக்குகிறது. குதிரை பி3-க்குப் போனதும் சி5-க்குத் தாவி இ6 பிஷப்பையும் பி7-ஐயும் ஒன்றாக மிரட்டும் திட்டம் தெரிந்தது. 14...பி6 அதைத் தடுத்தது, பின்னால் சி5 தள்ளுவதற்கும் ஊன்றுகோல் ஆனது. கருப்பின் எல்லாக் காய்களும் வெளியே. முதல் ஆட்டத்தில் இந்த நகர்வு எண்ணுக்கு முன்பே ஆட்டம் முடிந்திருந்தது என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும். பதினான்கு நகர்வுக்கு மாணவர் செலவிட்டது 22 நிமிடம், அதில் பாதி கடைசி மூன்று நகர்வுக்கு.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நகர்வில் குதிரைகளும் பிஷப்களும் ஒவ்வொன்றாக இறங்கின, ஒரு ஜோடி யானையும் போனது. கருப்புக்கு சி நெடுவரிசையில், எதிர்ச் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாத, தடையற்ற சிப்பாய் கிடைத்தது, வெள்ளை ராஜா பக்கச் சிப்பாய்கள் அதற்குள் நகரத் தொடங்கவில்லை. இங்கே கருப்புக்கு உண்மையான வாய்ப்பு இருந்தது. மாணவர் சிப்பாயைக் காக்க யானையைப் பக்கவாட்டில் நிறுத்தினார். சிப்பாய்க்குப் பின்னால், அதே நெடுவரிசையில் நிற்க வேண்டிய யானை அது. பின்னால் நின்றிருந்தால் சிப்பாய் முன்னேற முன்னேற யானைக்கு இடம் பெருகியிருக்கும். பக்கவாட்டில் நின்றதால் சிப்பாய் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் யானையும் இடம் மாற வேண்டியிருந்தது. அந்த இரண்டு மூன்று நகர்வில் வெள்ளை ராஜா ஓடிவந்து சி2-இல் உட்கார்ந்துகொண்டது. 38-ஆவது நகர்வில் நிலை மூன்றாம் முறை திரும்ப வந்து டிரா.

மாற்ற வேண்டியவை

200 புள்ளி மேலே இருப்பவரிடம், முன்பு பன்னிரண்டு நகர்வில் தோற்ற அதே திறப்பில், கருப்பில் அரைப் புள்ளி. மோசமில்லை. ஆனால் பயிற்சியில் குறைகள் இருந்தன, இரண்டு பெரியவை.

எட்டுப் பயிற்சி ஆட்டங்களும் எல்லாக் காய்களும் நிற்கும் பத்தாவது நகர்வு நிலையிலிருந்து தொடங்கின. பெரும்பாலானவை 15 நிமிடத்துக்குள் யானை இறுதியாட்டம் வரை போகவே இல்லை. மாணவர் தவறிய இடமோ அங்கேதான். எட்டில் மூன்றை, ஆளுக்கு ஒரு யானை, மூன்றுக்கு ஒன்று என்ற ராணி பக்கச் சிப்பாய்கள் என்று நேரடியாக அந்த நிலையில் தொடங்கியிருக்க வேண்டும்.

6. இ×டி5-க்கான தயாரிப்பு நாலே நகர்வு. இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வகுப்புத் தோழர் பயிற்சியில் அதை ஆட, மாணவர் கூடுதல் சிப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கக் கற்றவருக்குத் திருப்பிக் கேட்காத எதிராளி சிக்கலாகிவிட்டார். இந்தக் கிளைக்கு இப்போது தனியாக இரண்டு வகுப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கபபிளாங்காவின் வழியை நிரந்தரமாக ஒதுக்கிவிடவில்லை. தனித்து நிற்கும் டி சிப்பாய் பற்றிய பாடம் முடிந்ததும் 3...டி5-க்கு மாறுவதாகத் திட்டம். வெல்ல வேண்டிய சுற்றில் ஷ்லெக்டரின் வழி உதவாது.

இன்னும் எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. நான்காவது நகர்வில் பிஷப் சி4-க்குப் பதில் வெள்ளை 4. குதிரை×சி3 ஆடினால் பி2 சிப்பாய் நீட்டப்படவே இல்லை, 5...டி5 என்ற கேள்வியும் எழாது. மாணவரின் நோட்டில் அந்தத் தலைப்பின் கீழ் இப்போதைக்கு ஒரே வரி: "4...குதிரை சி6, பிறகு டி6, இ5 தள்ளவிடாதே."